.22 ரிவால்வர்: மலிவு எங்கே தாங்கும், எங்கே தாங்காது

கேட்டவர் இலக்குப் பயிற்சிக்காக முதன்முதலாக ஒரு .22 ரிவால்வர் வாங்கப் போகிறார். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ஹெரிட்டேஜ் ரஃப் ரைடர், ஹேமர் என்ற சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் இழுத்துவிட்டுச் சுடும், விலை குறைந்த சிங்கிள் ஆக்‌ஷன். இன்னொன்று ஸ்மித் அண்ட் வெசன் 617, அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள, டிரிகரை இழுத்தாலே ஹேமர் தானாகப் பின்னே போய் அடிக்கும் டபுள் ஆக்‌ஷன். பின்னால் ஒரு .357, அதாவது இதைவிடப் பெரிய, வலுவான தோட்டாவுக்கான ரிவால்வர், வாங்கும் ஆசையும் அவருக்கு இருக்கிறது. "சின்னத் தோட்டாதானே, இதற்குப் போய் இவ்வளவு கொட்ட வேண்டுமா? அப்படி என்னதான் வித்தியாசம்?" என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கிள் ஆக்‌ஷன் போதும் என்றால் மலிவானதையே வாங்கலாம், பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். டபுள் ஆக்‌ஷன்தான் வேண்டும் என்றால் மலிவான பக்கமே போகாதீர்கள். காசு சேரும் வரை பொறுத்திருங்கள். ஏன் இப்படிக் கோடு போடுகிறேன் என்பதைச் சொல்லத் தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு .22 தோட்டாவைக் கையில் எடுத்து அதன் அடியைப் பாருங்கள். பெரிய தோட்டாக்களில் நடுவே பொட்டு வைத்ததுபோல, தீப்பற்றவைக்கும் பிரைமர் ஒன்று இருக்கும். இதில் அது கிடையாது. அடியில் வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கிறது. அந்த மடிப்புக்குள் தீப்பற்றும் மருந்தை ஈரமாக வைத்து, தோட்டாவின் உலோக உறையைச் சுழற்றி, விளிம்பு முழுக்கப் பரவ வைக்கிறார்கள். ஃபயரிங் பின் என்ற சின்ன ஊசி வந்து அந்த விளிம்பை, தோட்டா உட்காரும் அறையின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கும்போதுதான் மருந்து பற்றுகிறது. ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால்தான். 1857-இல் ஸ்மித் அண்ட் வெசன் வெளியிட்ட முதல் ரிவால்வர் .22 ஷார்ட் தோட்டாவுக்கானது. இன்று நாம் சுடும் .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்தது. இத்தனை காலம் ஆகியும் பற்றவைக்கும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

நசுங்கிக் கொடுக்க வேண்டும் என்பதால் இந்த உறை மெல்லியதாகவும் மிருதுவாகவும் இருந்தாக வேண்டும். மருந்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருக்கும் என்ற உறுதியும் இல்லை. எங்கோ ஓரிடத்தில் மருந்து குறைந்து, ஃபயரிங் பின் சரியாக அங்கேயே போய் அடித்தால் 'டிக்' என்ற சத்தம்தான் கேட்கும். அதனால் ரிம்ஃபயரில் அடி பலமாக விழ வேண்டும், விளிம்பின் மேல் துல்லியமாக விழ வேண்டும், தோட்டா முன்பின் ஆடாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். விளிம்பின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அது உட்காரும் பள்ளம் கொஞ்சம் ஆழமாகிவிட்டாலும், பின்னின் அடியில் ஒரு பகுதி தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். மீதி அடி நசுக்கப் போதாது.

இப்போது இதை ரிவால்வரில் வைத்துப் பாருங்கள். சிங்கிள் ஆக்‌ஷனில் ஹேமரைக் கட்டைவிரலால் முழுதாகப் பின்னே இழுக்கிறீர்கள். அறைகளைத் தாங்கும் சிலிண்டர் திரும்புவதும் ஸ்பிரிங் இறுகுவதும் உங்கள் கட்டைவிரலின் வேலை. டிரிகருக்கு மிச்சம் இருப்பது, பூட்டி நிற்கும் ஹேமரை விடுவிப்பது மட்டும். ஸ்பிரிங் எவ்வளவு கனமாக இருந்தாலும் ஆள்காட்டி விரலுக்கு அது தெரியாது. டபுள் ஆக்‌ஷனிலோ ஒரே இழுப்பில் சிலிண்டரைத் திருப்பி, ஹேமரைத் தூக்கி, விட வேண்டும். போதாக்குறைக்கு, டபுள் ஆக்‌ஷன் இழுப்பில் ஹேமர் பின்னே போகும் தூரமும் கட்டைவிரலால் இழுக்கும்போது போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஓட்டம் குறைந்தால் அடியும் குறையும். அதை ஈடுகட்டத் தயாரிப்பாளர் கனமான ஸ்பிரிங்கைப் போடுகிறார். அந்தக் கனம் நேராக உங்கள் விரலுக்கு வருகிறது.

அதனால்தான் ஒரே மாடலில் பெரிய தோட்டாவுக்கான ரிவால்வரை விட .22 ரிவால்வரின் டிரிகர் கனமாக இருப்பது சகஜம். நல்ல கம்பெனி ரிவால்வர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் நல்ல ரிவால்வரில் அந்தக் கனம் வழவழப்பாக, ஒரே சீராக வரும். உள்ளே உரசும் பாகங்களின் மேற்பரப்பு சுத்தமாக இருக்கும், பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருக்கும். மலிவான டபுள் ஆக்‌ஷனில் கனத்தோடு சொரசொரப்பும் சேர்ந்துகொள்ளும். பாதி இழுப்பில் ஒரு திக்கல், முடிவில் ஒரு குதி. அதை வைத்துக்கொண்டு குறி பார்க்கப் பழகுவது, தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேடுபள்ளத்தில் நடக்கப் பழகுவது மாதிரி.

சொந்த அனுபவம் ஒன்று. நான் முதலில் வாங்கியது ஒரு மலிவான டபுள் ஆக்‌ஷன் .22. கம்பெனி பெயர் வேண்டாம். டிரிகர் கனம் தாங்காமல், ஸ்பிரிங்கை மாற்றி இலகுவானது ஒன்றைப் போட்டேன். விரலுக்குச் சுகமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு தோட்டா வெடிக்காமல் நின்றது. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன், தோட்டாக்கள் வெடித்தன, விரல் வலித்தது. இப்படி மாற்றி மாற்றி ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நல்லது ஒன்று வாங்கினேன். மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு அங்கேயே போயிற்று. ரிம்ஃபயரில் ஸ்பிரிங்கை இலகுவாக்குவது கத்தி மேல் நடப்பது என்பதை அப்போதுதான் கற்றேன்.

சரி, சிங்கிள் ஆக்‌ஷனில் மலிவு ஏன் தாங்குகிறது? முதல் காரணம் மேலே சொன்னதுதான், டிரிகருக்கு வேலை குறைவு. இரண்டாவது, .22 லாங் ரைஃபிளின் அழுத்தம். அமெரிக்கத் தொழில்துறை அளவுகோலின்படி அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு; .357 மேக்னமுக்கு அதுவே 35,000. அழுத்தம் குறைவு என்பதோடு, தோட்டாவின் குறுக்களவும் சிறியது; ஆகவே ரிவால்வரின் உடலான ஃபிரேமைப் பின்னே தள்ளும் மொத்த விசை மிகக் குறைவு. அதனால் குழலையும் சிலிண்டரையும் எஃகில் செய்துவிட்டு, ஃபிரேமை அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையில் செய்தாலும் சமாளிக்கிறது. ரஃப் ரைடரின் மலிவுக்குப் பெரிய காரணம் இந்த வார்ப்புதான். எஃகுக் கட்டியைக் கடைந்தெடுக்கும் செலவு இல்லை.

துத்தநாகக் கலவை என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். அது வெடித்துச் சிதறும் என்பது வீண் பயம். அதன் உண்மையான குறைகள் வேறு. எஃகை விட மிருதுவானது; திருகாணியைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மரை போய்விடும். எஃகுக்குக் கொடுக்கும் நீலப்பூச்சு முறை இதில் எடுபடாது, மேலே பூச்சு அடிக்க வேண்டியதுதான். ரிவால்வரை வைக்கும் இடுப்பு உறையில் உரசும் இடங்களில் அது தேயும். ஃபிரேம் தேய்ந்தாலோ விரிசல் விட்டாலோ சரிசெய்ய வழியில்லை. பல்லாயிரம் தோட்டா சுட்டபின் பாகங்கள் லொடலொடக்க ஆரம்பித்தால் அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எஃகு ஃபிரேம் என்றால் தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தொடரலாம். பேரனுக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் எஃகு வாங்குங்கள்.

ரஃப் ரைடரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதன் இடப்பக்கம் ஹேமர் அருகே ஒரு சின்னப் பாதுகாப்பு லீவர் இருக்கிறது. ஹேமர் பின்னை அடிக்காமல் அது தடுக்கும். பழைய பாணி ரிவால்வரில் இப்படியொரு லீவர் ஒட்டவே இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு, பார்வைக்கு நானும் அந்தக் கட்சிதான். அழகைவிட எனக்கு உறுத்துவது, கையால் போட வேண்டிய எந்தப் பாதுகாப்பும் ஒருநாள் போட மறந்துபோகும் என்பது. அந்த லீவர் இல்லை என்றே நினைத்துக்கொண்டு கையாளுங்கள். ரூகர் என்ற கம்பெனியின் வழி வேறு. 1953-இல் வந்த சிங்கிள்-சிக்ஸ் ரிவால்வரை 1973-இல் மாற்றியமைத்தபோது டிரான்ஸ்ஃபர் பார் என்ற ஒரு தகட்டைச் சேர்த்தார்கள். டிரிகர் பின்னே இழுபட்டிருந்தால் மட்டுமே அந்தத் தகடு மேலே எழுந்து, ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும். டிரிகர் இழுபடாமல் ஹேமரில் எது இடித்தாலும் ஃபயரிங் பின் அசையாது. நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை.

1973-க்கு முந்தைய சிங்கிள்-சிக்ஸ், அல்லது அதேபோன்ற பழைய அமைப்புள்ள வேறு ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், ஆறு அறையிலும் தோட்டா போடக் கூடாது. ஐந்து போட்டு, ஹேமரைக் காலி அறையின் மேல் இறக்கி வையுங்கள். கீழே விழுந்து ஹேமர் இடித்தால் அந்தப் பழைய அமைப்பில் தோட்டா வெடிக்க வாய்ப்புண்டு.

மலிவான வரிசையில் இப்போது ரூகரும் இருக்கிறது. 2019-இல் வந்த ராங்லர், சிங்கிள்-சிக்ஸின் ஏழைத் தம்பி. ஃபிரேம் அலுமினியக் கலவை, மேலே செராகோட் பூச்சு, குழலும் சிலிண்டரும் எஃகு, டிரான்ஸ்ஃபர் பார் அப்படியே உண்டு. ரஃப் ரைடரை விடச் சற்று விலை கூடுதல், அவ்வளவுதான். மலிவான சிங்கிள் ஆக்‌ஷன் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், முக்கியமாக அந்தத் தகட்டுக்காக.

இந்த மலிவு ரிவால்வர்களில் உண்மையில் வெறுப்பேற்றுவது குறிப்பார்வை. அடிப்படை மாடல்களில் பின்பக்கக் குறி என்பது ஃபிரேமின் மேலே வெட்டிய ஒரு பள்ளம்; முன்பக்கம் நகராத ஒரு தகடு. தொழிற்சாலையில் குழலை முறுக்கும்போது இம்மி கூடினாலோ குறைந்தாலோ முன்குறி சாய்ந்து, குண்டு இடமோ வலமோ ஒதுங்கிப் போகும். திருத்துவதற்குத் திருகாணி எதுவும் இல்லை. மேலும் கீழும் போவதைச் சரிசெய்ய முன்குறியை அரத்தால் தேய்க்கிறார்கள். தேய்த்தால் குண்டு மேலே போகும்; கூடுதலாகத் தேய்த்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. .22 தோட்டா கம்பெனிக்குக் கம்பெனி, வேகத்துக்கு வேகம் வேறு இடத்தில் போய் விழும். அதனால் நகர்த்தக்கூடிய பின்குறி இருப்பது பெரிய வசதி. 617-இல் அது உண்டு. சிங்கிள்-சிக்ஸிலும் அந்த வகை கிடைக்கும். ரஃப் ரைடரிலேயே நகரும் குறியோடு சில வகைகள் வருகின்றன. விலை வித்தியாசம் கட்டுப்படியானால் அதை எடுங்கள்.

இனி எல்லாரும் கவனிக்காமல் விடும் விஷயம், காலி உறையை வெளியே எடுப்பது. மிருதுவான உறை வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சுவர் வழவழப்பாக இருந்தால் சுருங்கி விடுபடும். அறையைக் குடைந்த கருவியின் கோடுகள் அப்படியே இருந்தால் உறை அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு .22 குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள், அதுவும் கரியும் ஈயமும் சேர்ந்து ஐம்பது நூறு தோட்டாவுக்குள் அறைக்குள் பிசுக்காகப் படியும். சிங்கிள் ஆக்‌ஷனில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒரு கம்பியைத் தள்ளி, ஒவ்வொன்றாக வெளியேற்றுவதால் இது பெரிய தலைவலி இல்லை. ஒன்று பிடித்தாலும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும். டபுள் ஆக்‌ஷனிலோ சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்து, நட்சத்திர வடிவ வெளியேற்றியை ஒரே தள்ளில் தள்ளி எட்டையோ பத்தையோ சேர்த்து வெளியேற்ற வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தாலே மொத்தமாகச் சேரும்போது உள்ளங்கை சிவந்துவிடும். வேகமாக அடிக்கப் போய், சின்ன விளிம்பு ஒன்று நட்சத்திரத்தின் அடியில் நழுவிவிட்டால் அன்றைய பயிற்சி அதோடு சரி.

மலிவான டபுள் ஆக்‌ஷன்களில் டிரிகருக்கு அடுத்தபடி மிக அதிகமாக வரும் புகார் இதுதான். விலை கூடியதில் இது வரவே வராது என்று சொல்ல மாட்டேன். 617-இலும் அறைகள் இறுக்கமாக இருப்பதால் அழுக்குச் சேர்ந்தால் உறைகள் பிடிக்கத்தான் செய்யும். அங்கே இறுக்கம் துல்லியத்துக்காக வைத்தது, ஒரு பிரஷ்ஷால் அறைகளை நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். சொரசொரப்பால் வரும் பிடிப்பு பிரஷ்ஷுக்குப் போகாது. இன்னொரு பழக்கம்: உறைகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்த்து இருக்கட்டும். எரியாத மருந்துத் துகள்கள் நட்சத்திரத்தின் அடியில் புகாமல் கீழே கொட்டிவிடும். ஒரு துகள் அங்கே மாட்டினால்கூட அடுத்த முறை சிலிண்டர் மூடச் சிரமப்படும், மூடினாலும் திரும்ப முரண்டு பிடிக்கும். ரிவால்வர் கெட்டுவிட்டது என்று பதறிப்போய் வருபவர்களில் பலருக்கு ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அங்கே துடைத்தாலே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்தது ஒழுங்கு. ரிவால்வர் என்பது ஒரு குழலுக்கு முன்னால் முறைவைத்து வந்து நிற்கும் பல அறைகள். ஒவ்வொரு அறையும் குழலின் நேர்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும். ஆறு அறை என்றால் ஒரு முறைக்குச் சிலிண்டர் 60 பாகை திரும்புகிறது. பத்து அறை என்றால் 36 பாகை. அறைகள் கூடக் கூட, திருப்பும் பற்கள் சிறிதாகும், பிழைக்கு இடம் குறையும். பத்து அறையை ஒழுங்காகச் செய்யக் காசு செலவாகும். அதனால் மலிவான ரிவால்வரில் நான் ஆறு அறையையே விரும்புவேன். ஒன்பது, பத்து என்று விளம்பரம் செய்கிற மலிவு ரிவால்வரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். நேர்க்கோடு தவறினால் குண்டு குழலின் வாயில் ஓரமாக உரசி ஈயத்தைச் சீவும். அந்தச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும்; பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் சுருக்கென்று படும். எந்த ரிவால்வரானாலும் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள், பக்கத்தில் நிற்பவரையும் போடச் சொல்லுங்கள்.

துல்லியத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. மேஜையில் கையைத் தாங்கி வைத்துச் சுட்டால் மலிவான சிங்கிள் ஆக்‌ஷன்கூடப் பத்துப் பதினைந்து மீட்டரில் தகர டப்பாவைத் தவறவிடாது. இருபத்தைந்து மீட்டரில் காகித இலக்கில் சுட ஆரம்பித்தால்தான் நல்லது தன் வேலையைக் காட்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அறைகளுக்கு மார்க்கரால் எண் போட்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் தனித்தனி இலக்கில் ஐந்தைந்து குண்டு சுட்டுப் பாருங்கள். மலிவானதில் ஐந்து அறை ஓரிடத்தில் சுடும், ஒன்று மட்டும் தனியாக ஒதுங்கும். எந்த அறை குறும்புக்காரன் என்று தெரிந்துவிட்டால் போட்டிக்கு அதைக் காலியாக விடலாம். தோட்டாவையும் இப்படித்தான் தேட வேண்டும். ஒலியை விட வேகமான தோட்டாதான் உசத்தி என்று நினைக்காதீர்கள். சாதா வேகத் தோட்டாதான் பல ரிவால்வர்களில் நெருக்கமாக விழுகிறது. நாலைந்து வகை வாங்கிப் பார்த்து, ஒத்துப்போவதைப் பெட்டியாக எடுங்கள்.

சிங்கிள் ஆக்‌ஷன்களில் பல இரண்டு சிலிண்டரோடு வரும், .22 லாங் ரைஃபிளுக்கு ஒன்று, .22 மேக்னமுக்கு ஒன்று. 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த இந்த மேக்னம் உறை லாங் ரைஃபிளை விட நீளமானது, தடிமனும் கூடுதல். மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிளைப் போட்டால் உள்ளே போகும், லொடலொடவென்று உட்காரும், சுட்டால் உறை கிழியும். போடவே கூடாது. பயிற்சிக்கு மட்டும் வாங்குபவருக்கு இரண்டாவது சிலிண்டர் தேவையே இல்லை என்பேன். மேக்னம் தோட்டாவின் விலையைப் பார்த்துவிட்டு, பெரும்பாலோர் அந்தச் சிலிண்டரை டிராயரில் போட்டு மறந்துவிடுகிறார்கள்.

காசுக் கணக்கு ஒன்றும் போட்டுப் பார்த்துவிடுவோம். வாரம் 200 தோட்டா சுட்டால் வருஷத்துக்கு 10,400. அந்தத் தோட்டாக்களின் விலை ஒரே வருஷத்தில் மலிவு ரிவால்வரின் விலையைத் தாண்டிவிடும். ரிம்ஃபயர் உறையை மறுபடி நிரப்பிச் சுடவும் முடியாது, ஒருமுறைதான். ஆகவே நிறையச் சுடுபவருக்கு ரிவால்வரின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்கு. நல்லது வாங்கினால் பத்து வருஷத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி சுடுபவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்கு மலிவானதே ஆயுளுக்கும் வரும்.

நடுவழி ஒன்று இருக்கிறது, பழைய நல்ல ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெசனின் கே-22 வரிசை 1931-இல் தொடங்கியது. 1957-இல் அதற்கு மாடல் 17 என்று எண் கொடுத்தார்கள். அந்தக் காலத்து டிரிகரை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்கள் புதியதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். .22-இன் தேய்மானம் குறைவு என்பதால், ஒழுங்காகப் பராமரித்த பழையது இன்னும் ஒரு தலைமுறை ஓடும். ஆனால் அந்தக் கே-22 இப்போது சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகி, சில சமயம் புதிய 617-ஐ விட விலை ஏறி நிற்கிறது. பழைய சிங்கிள்-சிக்ஸ் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

பழையதோ புதியதோ, வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். முதலில் காலியா என்று எல்லா அறையையும் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஹேமரை மிக மெதுவாகப் பின்னே இழுங்கள். ஹேமர் பூட்டுவதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். பூட்டியபின் சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், இம்மியளவு அசைவு சரி, 'டொக் டொக்' என்று இடித்தால் வேண்டாம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நல்லது. அப்புறம் ஒவ்வொரு அறையின் வாயிலும் விளிம்பு உட்காரும் இடத்தை உற்றுப் பாருங்கள். வெறும் அறையோடு டிரிகரை இழுத்து விளையாடியிருந்தால் ஃபயரிங் பின் அந்த ஓரத்தில் அடித்துச் சின்னக் குழியும், உள்பக்கம் ஒரு பிசிறும் உண்டாகியிருக்கும். பிசிறு இருந்தால் தோட்டா நுழையாது, நுழைந்தாலும் உறை வெளிவராது. பழைய .22-இல் மிகச் சாதாரணமாகக் காணக்கிடைக்கும் சேதம் இது. நீங்கள் வாங்கிய பிறகும் கையேட்டில் அனுமதி இருந்தாலொழிய வெறுமனே இழுக்காதீர்கள். வீட்டில் டிரிகர் பயிற்சிக்கு .22 அளவு பிளாஸ்டிக் போலித் தோட்டா போதும்.

தோட்டா வெடிக்காமல் போனால், உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிஷம் பொறுங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டா, அறை குழலை விட்டு விலகிய பிறகு வெடிப்பது ஆபத்து. பிறகு எடுத்து அடையாளத்தைப் பாருங்கள். தழும்பு ஆழமாக இருந்து, விளிம்பைத் திருப்பிப் போட்டதும் வெடித்தால் தோட்டாவின் குறை. தழும்பு மேலோட்டமாக இருந்தால் ரிவால்வரின் குறை. புது ரிவால்வரோடு முதல் ஐந்நூறு தோட்டாவில் இதைக் குறித்து வைத்தால், திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பது தானாகத் தெரியும். வெடித்த சத்தம் வழக்கத்தை விடச் சன்னமாகக் கேட்டால் நிறுத்திவிட்டு, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உரிமம், சட்டம் எல்லாம் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது, அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பின்னால் .357 வாங்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது டபுள் ஆக்‌ஷன் டிரிகரை நீளமாக, சீராக இழுக்கும் பழக்கம். அதை ரஃப் ரைடர் கற்றுத் தராது. 617-இன் ஃபிரேம் அதே கம்பெனியின் நடுத்தர .38, .357 ரிவால்வர்களின் ஃபிரேம் அளவுதான். பிடி, டிரிகரின் தூரம், குறியின் அமைப்பு எல்லாம் அங்கே அப்படியே போய்ப் பொருந்தும். கனமும் ஒரு கிலோவைத் தாண்டும், கை நடுக்கத்தை அது விழுங்கிவிடும். ரூகரின் எல்.சி.ஆர் போன்ற கையடக்க .22 டபுள் ஆக்‌ஷன்களும் இருக்கின்றன, எடை அதில் பாதிகூட வராது. ஆனால் கற்றுக்கொள்ள அவை தோதல்ல. எடை குறைந்தால் கனமான டிரிகர் துப்பாக்கியையே சேர்த்து இழுத்துவிடும்.

ஆகவே உங்களுக்கு 617, இல்லையென்றால் நல்ல நிலையில் கிடைக்கும் மாடல் 17. இப்போது அவ்வளவு காசு இல்லை என்றால், மலிவான டபுள் ஆக்‌ஷன் ஒன்றில் போய்ச் சமாதானம் ஆகாதீர்கள். ஒரு ராங்லரை வாங்கி, குறி பார்ப்பதையும் மூச்சை அடக்குவதையும் டிரிகரைச் சிணுங்காமல் விடுவதையும் அதில் பழகுங்கள். மிச்சக் காசில் காதடைப்பு, கண்ணாடி, நாலைந்து வகைத் தோட்டா, ஒரு நல்ல பிரஷ், அறைக்கு எண் போட ஒரு மார்க்கர். 617 வந்த பிறகும் ராங்லரை விற்க மாட்டீர்கள் என்பது என் ஊகம்.